ஓகே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் தெரியாதவர்கள்கூடச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஓகே. இரண்டே எழுத்து. ஆனால் அதில் ஏகப்பட்ட சந்தேகம். எதிரே இருப்பவர் ஓகே என்றால் சம்மதித்தாரா, காதில் வாங்கிக்கொண்டாரா, நன்றாக இருக்கிறது என்கிறாரா, சுமார் என்கிறாரா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரலாறு பிடிக்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிப் போகலாம், ஆனால் அதில்தான் சுவாரசியம் அதிகம்.

ஓகே என்பது எதன் சுருக்கம்?

"ஆல் கரெக்ட்" என்பதன் சுருக்கம். அதெப்படி, ஆல் என்பது ஏ எழுத்திலும் கரெக்ட் என்பது சி எழுத்திலும்தானே தொடங்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தத் தப்புதான் இங்கே நகைச்சுவையே.

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எதற்கெடுத்தாலும் சுருக்கெழுத்து போடுவது, அதிலும் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு போடுவது. "ஆல் ரைட்" என்பதை "ஓல் ரைட்" என்று கொச்சையாக எழுதி, ரைட்டையும் டபிள்யூவில் தொடங்கவைத்து "ஓ.டபிள்யூ." என்றார்கள். "நோ கோ", அதாவது நடக்காது என்பதற்கு, 'அறிதல்' என்று பொருள்படும் இன்னொரு "நோ"வின் எழுத்துகளைப் போட்டு "கே.ஜி." என்றார்கள். இன்றைக்கு இளைஞர்கள் குறுஞ்செய்தியில் செய்கிற கூத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அந்த வரிசையில் வந்த ஒன்றுதான் "ஓல் கொரெக்ட்", அதாவது ஓ.கே. பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் 1839 மார்ச் 23 அன்று அச்சில் வந்தது. மணி அடிப்பதற்கு எதிரான சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்த ஒரு கேலிக் கூட்டத்தைப் பற்றிய குறிப்பு அது. ஓ.கே. என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே "ஆல் கரெக்ட்" என்று பத்திரிகையே பொருளும் எழுதிவிட்டது. அதனால் இதில் ஊகத்துக்கு இடமில்லை.

மற்ற சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போயின. இது மட்டும் எப்படித் தப்பித்தது?

அரசியல் காப்பாற்றியது. 1840 அமெரிக்க அதிபர் தேர்தலில் அப்போது பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் நின்றார். அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊரில். அதனால் அவருக்கு "ஓல்ட் கிண்டர்ஹூக்" என்று ஒரு பட்டப்பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். அவருடைய ஆட்கள் ஓ.கே. கிளப் என்று ஆரம்பித்து, "எங்கள் ஆள் ஓகே" என்கிற தொனியில் பிரச்சாரம் செய்தார்கள். எதிரணி சும்மா இருக்குமா? அதே இரண்டு எழுத்துக்கு நாறடிக்கிற விரிவாக்கங்களாகக் கண்டுபிடித்துத் திருப்பி அடித்தது. வான் பியூரன் தோற்றார், வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஜெயித்தார், ஆனால் ஓகே என்ற சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அப்புறம் தந்தி வந்தது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் "செய்தி வந்து சேர்ந்தது, பிழை இல்லை" என்று சொல்ல ஒரு குட்டிச் சொல் தேவைப்பட்டது. ஓகே கச்சிதமாகப் பொருந்தியது. கேலியாகப் பிறந்தது அலுவலகச் சொல்லாக மாறியது இங்கேதான்.

ஓகே செவ்விந்தியச் சொல், கிரேக்கச் சொல், போர்க்களச் சொல் என்றெல்லாம் படித்தேனே?

நானும் படித்திருக்கிறேன். படிக்க நன்றாக இருக்கும், ஆதாரம்தான் இருக்காது. "போரில் இன்று சாவு பூஜ்யம்" என்பதைப் பூஜ்யமும், கொல்லப்பட்டவரைக் குறிக்கும் "கில்ட்" என்ற சொல்லின் கே எழுத்துமாக எழுதிப் பலகையில் மாட்டினார்கள் என்பது ஒரு கதை. கிரேக்க மொழியில் "ஓலா கலா" என்றால் எல்லாம் நலம், அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ஒலியும் பொருளும் ஒத்துப்போகின்றன, ஆனால் 1839க்கு முன்னால் ஆங்கிலத்தில் அது புழங்கியதற்குச் சான்று வேண்டுமே.

அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் மொழியில் "ஆமாம், அப்படித்தான்" என்று பொருள்படும் "ஓகே" போன்ற ஒரு சொல் உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் இதை நம்பினார், அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே கோப்புகளில் ஒப்புதல் எழுதினார். அதிபரே எழுதினால் ஊர் நம்பாமல் இருக்குமா! ஆண்ட்ரூ ஜாக்சன் கதை வேறு ரகம். அந்த அதிபருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் அவர் தப்பாக எழுதியதுதான் ஓகே என்று 1840 தேர்தல் நேரத்தில் கிளப்பிவிட்டார்கள். வான் பியூரனுக்கு முன்பு அதிபராக இருந்தவர், வழிகாட்டியும் அவரே, அவரைக் கேலி செய்தால் இவருக்கும் அடி விழும் என்கிற கணக்கு.

இந்த மூட்டையை எல்லாம் அவிழ்த்து, பழைய செய்தித்தாள்களைத் தோண்டி, 1839 தேதியை நிலைநாட்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964 ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. சமூக ஊடகத்தில் மட்டும் பூஜ்யம் சாவு கதை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சரி, ஓகே என்றால் என்னதான் பொருள்?

என் பார்வையில் எல்லாப் பயன்பாட்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே ஒன்று: "தடை இல்லை." நல்லது என்றோ பிடித்திருக்கிறது என்றோ சொல்வதில்லை, சந்தோஷம் என்றும் சொல்வதில்லை. ஆட்சேபம் இல்லை, பிழை இல்லை, மேலே போகலாம், அவ்வளவுதான். தந்தியில் "பிழை இல்லை", கோப்பில் "அனுமதிக்கத் தடை இல்லை", கீழே விழுந்து எழுந்தவர் சொன்னால் "அடி இல்லை". மொழியியல்காரர்கள் இதை நடுநிலையான சம்மதம் என்பார்கள். பாராட்டும் கிடையாது, கண்டனமும் கிடையாது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

நான் செய்த வேலை எப்படி என்று கேட்டேன். "இட்ஸ் ஓகே" என்றார். பாராட்டா?

இல்லை. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இல்லை. படம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலை எப்படி என்று மதிப்பிடச் சொல்லும் கேள்விக்கு ஓகே என்று பதில் வந்தால் "சுமார், குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை" என்று பொருள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டவருக்குத் தடை இல்லை என்று பதில் கிடைத்தால் அது சுமார்தானே. முன்னால் "ஜஸ்ட்" சேர்த்து "ஜஸ்ட் ஓகே" என்றால் இன்னும் ஒரு படி கீழே.

ஆனால் அதே "இட்ஸ் ஓகே" மன்னிப்புக் கேட்கும்போது வந்தால் "பரவாயில்லை, விடுங்கள்" என்று ஆகிவிடும். அழுகிறவரின் தோளைத் தொட்டு "இட்ஸ் ஓகே" என்றால் ஆறுதல். எந்தக் கேள்விக்கு, எந்தச் சூழலுக்குப் பதிலாக வருகிறது என்று பார்க்காமல் ஓகேவுக்குப் பொருள் சொல்லவே முடியாது.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விதிவிலக்கு உண்டு. "ஹி இஸ் ஆன் ஓகே கை" என்றால் சுமாரான ஆள் என்று அல்ல, நம்பலாம், நல்ல மனுஷன்தான் என்று. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது இந்தச் சூடு கொஞ்சம் ஏறுகிறது.

காபி வேண்டுமா என்று கேட்டேன். "ஐ ஆம் ஓகே" என்றார். கொடுக்கணுமா, வேண்டாமா?

வேண்டாம். "எனக்கு இப்போது குறை ஒன்றும் இல்லை, அதனால் தேவைப்படாது" என்பதைத்தான் நாகரிகமாக அப்படிச் சொல்கிறார். ஆங்கிலம் புதிதாகப் பேசத் தொடங்குபவர்கள் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. வெறும் "ஓகே" என்றால் கொடுங்கள், "ஐ ஆம் ஓகே" என்றால் வேண்டாம். "ஐ ஆம் குட்", "ஐ ஆம் ஃபைன்" இரண்டும் இதே இடத்தில் இதே வேலையைச் செய்யும்.

ஓகே என்ன வகைச் சொல்? பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

எல்லாமும்தான். "கிவ் தி ஓகே" என்றால் ஒப்புதல், அங்கே பெயர்ச்சொல். "ஷி ஓகேட் தி பிளான்" என்றால் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார், அங்கே வினை. "தி இன்ஜின் இஸ் ரன்னிங் ஓகே" என்னும்போது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறது, ஆக வினையடை. பேச்சின் தொடக்கத்தில் தனியாக நின்றால் இலக்கணத்தில் ஒட்டாத ஒரு சைகை போல.

கூடவே வரும் குட்டிச் சொற்களைக் கவனியுங்கள், அங்கேதான் பொருள் புரளும். "ஓகே வித் இட்" என்றால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "ஓகே அட் இட்" என்றால் அந்த வேலை எனக்கு ஓரளவு வரும். "ஓகே ஃபார் மண்டே" என்றால் திங்கட்கிழமை தோதுப்படும். "ஓகே பை மீ" என்பதும் ஆட்சேபமில்லைதான், கொஞ்சம் அலட்சியத் தொனி இருக்கும். அனுமதி கேட்க "இஸ் இட் ஓகே இஃப் ஐ சிட் ஹியர்" என்று ஆரம்பிக்கலாம், முரட்டுத்தனமாகவும் இருக்காது, குழைவதாகவும் இருக்காது.

ஒரே ஓகேவை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்?

கணக்கெடுத்தால் முடியாது. பொதுவானவற்றை மட்டும் சொல்கிறேன். வேகமாக இரண்டு தடவை "ஓகே ஓகே" என்றால் புரிந்துவிட்டது, போதும் நிறுத்து. இழுத்து "ஓஓகே..." என்றால் நீ சொல்வது விசித்திரமாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. குரலை ஏற்றி வாக்கியத்தின் கடைசியில் "ஓகே?" என்றால் புரிந்ததா என்று சரிபார்ப்பது, ஆனால் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் திட்டுவது மாதிரி கேட்கும். ஆசிரியர் வகுப்பில் நுழைந்து "ஓகே" என்றால் அமைதி, ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம், யாருக்கும் அவர் சம்மதம் சொல்லவில்லை.

தொலைபேசியில் இன்னொரு வேலையும் செய்கிறது. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-ல் உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். யாரும் திடீரென்று போனை வைப்பதில்லை. ஒருவர் "ஓகே..." என்று இறக்கிச் சொல்கிறார், என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உன்னிடம் இருக்கிறதா என்று அதற்குப் பொருள். மற்றவரும் "ஓகே" என்கிறார். அதன் பிறகே விடைபெறுவது. அடுத்த அழைப்பில் உங்களையே கவனித்துப் பாருங்கள்.

நான் "கேட்டுக்கொண்டேன்" என்ற பொருளில் ஓகே சொன்னேன், அவர் "ஒத்துக்கொண்டேன்" என்று எடுத்துக்கொண்டார். இது என் தப்பா?

சொல்லின் தப்பு. காதில் விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன், அனுமதிக்கிறேன் என்ற மூன்றையும் ஓகே ஒரே சட்டைக்குள் போட்டுவிடுகிறது. அன்றாடப் பேச்சில் இது தலைபோகிற விஷயம் இல்லை. சில இடங்களில் உண்மையிலேயே தலைபோகும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் இருக்கும் டெனெரிஃபி. லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது, பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கேஎல்எம்முக்குப் பறக்கும் வழிக்கான அனுமதி மட்டுமே கிடைத்திருந்தது, புறப்பட அனுமதி இல்லை. ஆனால் விமானம் ஓடத் தொடங்குகிறது, துணை விமானி "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்கிறார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்று கட்டுப்பாட்டு அறை புரிந்துகொண்டு "ஓகே" என்கிறது. ஒரு சிறு இடைவெளி விட்டு, "புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்கிறது. அந்த நேரத்தில் பான் ஆம் விமானிகளும் வானொலியில் பேசியதால் இரண்டு பேச்சும் மோதி ஒரு கீச்சொலி, கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும்தான். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

ஒரு சொல்லால் மட்டும் அந்த விபத்து நடக்கவில்லை. பனி, அவசரம், வானொலி, வழக்கத்துக்கு மீறிய கூட்டம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு விமானப் போக்குவரத்தில் சொற்களை இறுக்கினார்கள். "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் உச்சரிக்க வேண்டும், மற்ற நேரத்தில் "டிபார்ச்சர்". கேட்டதற்கு "ராஜர்", ஆமாம் என்பதற்கு "அஃபர்ம்", கேட்டேன், அப்படியே செய்கிறேன் என்பதற்கு "வில்கோ" என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. முக்கியமான உத்தரவை வாங்கியவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

நமக்கு விமானம் ஓட்டும் வேலை இல்லை, இருந்தாலும் பணம், தேதி, மருந்து போன்ற விஷயங்களில் வெறும் ஓகேவை நான் நம்புவதில்லை. "ஓகே, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்துவிடுவேன். கொஞ்சம் நச்சரிப்புதான், இருக்கட்டும்.

வெறும் "கே" என்று பதில் வந்தால் கோபமா?

பெரும்பாலும் அப்படித்தான் படிக்கப்படுகிறது. ஏற்கெனவே இரண்டே எழுத்து உள்ள சொல்லில் ஒன்றை மிச்சம் பிடிக்கிற அளவுக்கு என் மேல் அலட்சியமா என்று தோன்றிவிடுகிறது. ஆனால் "கே கே" என்று இரட்டித்தால் அது நட்பான பதில். ஏன் என்று தர்க்கம் தேடாதீர்கள், வழக்கம் அப்படி.

முற்றுப்புள்ளியும் ஒரு விஷயம். 2015-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனதிலிருந்து வரவில்லை என்று படிப்பவர்கள் நினைத்தது தெரியவந்தது. அதையே கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் வயதில் மூத்தவர்கள் பள்ளியில் படித்த பழக்கத்தில் புள்ளி வைப்பார்கள், அவர்களிடம் கோபம் தேடுவது வீண் வேலை.

இரண்டெழுத்தா, நான்கெழுத்தா? எது சரியான எழுத்துமுறை?

இரண்டும் சரி. ஓ, கே என்று பெரிய எழுத்தில் இரண்டு போடுவது பழைய முறை, ஓ, கே, ஏ, ஒய் என்று நான்கெழுத்தில் நீட்டி எழுதுவது பின்னால் வந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு இரண்டெழுத்தைத்தான் கேட்கிறது. கதை எழுதுபவர்கள் நான்கெழுத்தை விரும்புகிறார்கள், உரையாடலின் நடுவில் பெரிய எழுத்து உறுத்தாது. நடுவில் புள்ளி வைப்பது இப்போது பழைய வாடை அடிக்கும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கணினியில் ஏன் எல்லாப் பெட்டியிலும் ஓகே பொத்தான்?

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு, உண்மையும்கூட. 1983-ல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கும்போது அந்தப் பொத்தானில் முதலில் "டூ இட்" என்று எழுதியிருந்தார்கள், அதாவது "செய்". சோதனைக்கு வந்த ஒருவர் அதை அழுத்தாமல் எரிச்சல்பட்டார். விசாரித்தால், இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி சரியாகத் தெரியாததால் அவர் அதை "டோல்ட்" என்று படித்திருக்கிறார். முட்டாள் என்று பொருள். கணினி தன்னைத் திட்டுகிறது என்று நினைத்துவிட்டார்! அதற்கு அப்புறம் "ஓகே" வந்தது.

என்னைக் கேட்டால் அந்தப் பொத்தானிலும் அதே பழைய குழப்பம் இருக்கிறது. "ரத்து செய்யட்டுமா?" என்று கேட்டு "ஓகே", "ரத்து" என்று இரண்டு பொத்தான் காட்டினால் எதை அழுத்துவது? இப்போது நல்ல வடிவமைப்பாளர்கள் "அழி", "சேமி" என்று செயலையே பொத்தானில் எழுதுகிறார்கள். இதே ஓகே இணையத்தின் அடியிலும் ஓடுகிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தால் சர்வர் அனுப்பும் குறியீடு "200 ஓகே". நமக்கு அது தெரிவதில்லை, பக்கம் கிடைக்கவில்லை என்று சொல்லும் 404 மட்டும்தான் கண்ணில் படும்.

விரலை வட்டமாகப் பிடித்து ஓகே காட்டுவது எல்லா நாட்டிலும் ஓகேவா?

இல்லை, ஜாக்கிரதை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்ப்பது பிரேசிலில் ஆபாசம், பிரான்சில் பூஜ்யம், உதவாது என்று பொருள்படலாம், ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். 2017-ல் இணையத்தில் சிலர் விளையாட்டாக இது வெள்ளை இனவாதக் குறி என்று வதந்தி கிளப்ப, நிஜமான இனவாதிகளே அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 2019-ல் இனவெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி-டிஃபமேஷன் லீக் தன் வெறுப்புக் குறிகள் பட்டியலில் அதைச் சேர்த்தது, பெரும்பாலும் அது வெறும் ஓகேதான் என்ற எச்சரிக்கையோடு.

கடலுக்கடியில் நீந்துபவர்களுக்கு மட்டும் இந்த வட்டம் கட்டாயம். கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே "நன்று" இல்லை, "மேலே போவோம்".

ஏ-ஓகே, ஓகி டோகி, ஓகே பூமர் எல்லாம் என்ன?

ஏ-ஓகே என்றால் எல்லாம் பிரமாதமாகப் போகிறது. 1961 மே மாதம் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரானபோது நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஷார்ட்டி பவர்ஸ் வாயிலாக உலகத்துக்குப் பரவியது. விண்வெளி வீரரே சொன்னார் என்று பலர் நினைக்கிறார்கள், சொன்னவர் தரையில் இருந்தவர். ஓகி டோகி என்பது வெறும் எதுகை விளையாட்டு, 1930களிலிருந்து இருக்கிறது, முக்கியமான கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

ஓகே பூமர் கொஞ்சம் காரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த தலைமுறையினர் அறிவுரை சொல்லும்போது இளையவர்கள் கொடுக்கும் பதில், "சரிங்க தாத்தா, போதும்" என்பதற்கு ஈடு. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் காலநிலை மசோதா பற்றிப் பேசிக்கொண்டிருந்த 25 வயது உறுப்பினர் க்ளோயி ஸ்வார்பிரிக், குறுக்கிட்ட ஒருவரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் பேச்சைத் தொடர்ந்தார். இங்கே ஓகே என்பது சம்மதமே இல்லை, காதை மூடிக்கொள்வது.

ஓக்லஹோமா மாநிலத்துக்கும் ஓகேவுக்கும் சம்பந்தம் உண்டா?

எழுத்தளவில் மட்டும். அந்த மாநிலத்தின் அஞ்சல் சுருக்கம் ஓ.கே., அதை வைத்து வண்டி எண் பலகையிலேயே "ஓக்லஹோமா இஸ் ஓகே" என்று போட்டுக்கொண்டார்கள். மாநிலத்தின் பெயர் சாக்டா மொழியில் "சிவப்பு மக்கள்" என்று பொருள்படும் இரண்டு சொற்களிலிருந்து வந்தது. வில்சன் நம்பிய அதே சாக்டா மொழிதான், ஆனால் இந்தப் பெயர் உண்மையிலேயே அங்கிருந்து வந்தது.